ஊரடங்கும் குடியும்: அண்ணனுக்கு ஒரு வழி, தம்பிக்கு ஒரு வழி

எனக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. கொரோனா காலத்தில் இரண்டு பேரையுமே குடி படுத்தி எடுத்துவிட்டது. ஆனால் அண்ணனைப் பிடித்த விதம் வேறு, தம்பியைப் பிடித்த விதம் வேறு. ஒருவருக்குப் பலித்த வைத்தியம் இன்னொருவருக்குப் பலிக்கவில்லை. குடிக்கிறவர்களுக்குச் சொல்ல நம் வீடுகளில் கைவசம் இருப்பது ஒரே அறிவுரைதான்: "பிள்ளை குட்டிய நெனச்சுப் பாத்து விட்டுடு." அந்த ஆளின் குணம் என்ன, எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, குடி அவருக்கு என்ன செய்து கொடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் வழி பிறந்தது. இரண்டு பேரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்குத் திண்டுக்கல்லில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கலகலப்பான ஆள். தெருவில் ஒரு இழவு விழுந்தால் பந்தல் போடுவதிலிருந்து மறுநாள் காரியம் வரை அவர்தான் முன்னால் நிற்பார். இரவு கடையை அடைத்ததும் கூட்டாளிகளோடு பாரில் உட்காருவது பல வருடப் பழக்கம். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டதில்லை, குடியால் ஒரு நாளும் கடைக்கு லீவு விட்டதில்லை. அதனால் அவரைக் குடிகாரர் என்று யாரும் நினைத்ததே இல்லை. "அளவாச் சாப்பிடுவாப்ல" என்பார்கள்.

அந்த அளவு ஒரு குவாட்டர். சில நாள் அதற்கு மேல் ஒரு கட்டிங், அதாவது அரை குவாட்டர். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் 180 மில்லி குவாட்டரில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். 10 கிராமை ஒரு 'டிரிங்க்' என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். ஆக, ஒரு குவாட்டர் என்பது ஆறு டிரிங்க். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாவது கேள்வி, ஒரே அமர்வில் ஆறு டிரிங்க்கோ அதற்கு மேலோ எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள் என்பதுதான். தினமும் ஒரு குவாட்டர் போடுகிறவர் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண்ணான 4 வாங்குவார். மொத்தம் 8 வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை என்கிறார்கள். "குவாட்டர்தானே" என்ற சமாதானத்தை, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து நான் ஏற்பதில்லை.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் எல்லாம் அடைபட்டது. பார்களை அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அண்ணன் அன்று மதியம் வரிசையில் நின்று வாங்கி வந்த பாட்டில்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. தீர்ந்த மறுநாள் காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் அவரால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மதினிதான் பிடித்துக் கொடுத்தார். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, வாந்தி, உடம்பு லேசாகச் சுட்டது. கொரோனாவோ என்ற பயத்தில் மாடி அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். நாள் முழுக்க நாலு பேரோடு பேசிப் பழகிய மனிதர் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால். அன்று இரவே சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. காத்துக் கருப்பு பட்டிருக்கும், வேப்பிலை அடியுங்கள் என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

அருகில் இருந்த தனியார் கிளினிக்கில் காய்ச்சல் என்றதும் உள்ளே விடவில்லை. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கவச உடைக்குள் முகமே தெரியாத அந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "ஏம்மா, இவர் கடைசியா எப்பக் குடிச்சார்?" நாங்கள் கொரோனா, வலிப்பு என்று பேசிக்கொண்டிருக்க, அவர் அண்ணனின் கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். அடுத்த இரண்டு நாள் அண்ணனுக்கு மதினியையே அடையாளம் தெரியவில்லை. வார்டில் உட்கார்ந்துகொண்டு கடையில் இருப்பதாக நினைத்து, வராத ஆளுக்கு செயின் ஸ்பிராக்கெட் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மது மூளையின் வேகத்தை அமுக்குகிறது. வருடக்கணக்கில் தினமும் அமுக்கினால், மூளை அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. ஒருநாள் திடீரென மது நின்றுபோனால், அமுக்க ஆள் இல்லாமல் அந்த வேகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை, ஆள் அடையாளம், இடம், நேரம் எல்லாம் குழம்பிப்போகும் கடுமையான நிலை வரலாம். கவனிக்காமல் விட்டால் அதில் உயிர் போகும். குடி திடீரென நின்றதால் வரும் இந்த அவதிக்கு 'வித்ட்ராயல்' என்று பெயர். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. நரம்பைச் சாந்தப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து, ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி. தொடர்ந்து குடிக்கிறவர்களுக்கு பி1 வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண்பார்வை அலைந்து, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகக் கெட்டுப்போகிற ஆபத்து உண்டு. "சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க" என்று தெருமுனையில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த மாதங்களில் வந்த செய்திகள் இன்னும் கனமானவை. புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஜூலை இறுதியில் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டம் குறிச்சேடுவில் சானிடைசர் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். கேரளத்தில் மது கிடைக்காத தவிப்பில் தற்கொலைகள் நடந்ததும், டாக்டர் சீட்டு இருந்தால் மது கொடுக்கலாம் என்று அரசு உத்தரவு போட்டது. ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மது கொடுப்பது வைத்தியம் ஆகாது என்று டாக்டர்கள் எதிர்த்தது சரிதான். ஆனால் கடையை மூடிய அன்றே, "தினமும் குடிப்பவர்கள் கை நடுங்கினால் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், மாத்திரை இருக்கிறது" என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். கபசுரக் குடிநீருக்குச் சொன்னோமே, அந்த மாதிரி.

அண்ணன் தேறி வீட்டுக்கு வந்தார். உடம்பு சரியாகிவிட்டது, ஆனால் இரவு எட்டு மணி வந்தால் ஆள் கூண்டில் அடைபட்டது போல ஆகிவிடுவார். அவருக்குக் குடி என்பது பாட்டிலை விட, அந்த மேஜை, அந்தப் பேச்சு, அந்தச் சிரிப்பு. ஆகவே எட்டு மணிக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது. அப்போது ஊரில் சில இளைஞர்கள் சேர்ந்து, வேலையிழந்து மாட்டிக்கொண்ட வடமாநிலத் தொழிலாளர்களுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மதினிதான் அவரை அங்கே அனுப்பினார். சாயங்காலம் காய்கறி வெட்டத் தொடங்கினால் பொட்டலம் கட்டி முடிக்க ஒன்பது ஆகிவிடும். மாஸ்க் போட்டுக்கொண்டு, இடைவெளி விட்டு நின்றாலும் பேச ஆட்கள் இருந்தார்கள். மே 7-ஆம் தேதி மதுக்கடை திறந்து, மறுநாளே சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடி, உச்ச நீதிமன்றம் தடை கொடுத்த பின் 16-ஆம் தேதி மறுபடி திறந்த அந்தக் குழப்பமான நாட்களில், அவரைத் தாங்கியது அந்தச் சமையல் கூடம்தான்.

தம்பி கதைக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு நடந்தது ஊர் முழுக்கத் தெரிந்தது. தம்பிக்கு நடந்தது சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த பக்கத்து ஃபிளாட்டுக்குக்கூடத் தெரியவில்லை.

அவன் சென்னையில் பெருங்குடிப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. சின்ன வயதிலிருந்தே அமைதி. விருந்தாளி வந்தால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வான். கூட தங்கியிருந்த நண்பர்கள் மார்ச்சில் ஊருக்குக் கிளம்பிவிட, இவன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டான். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அவனுக்கென்ன, அவனுக்குத் தனியா இருந்தாத்தான் புடிக்கும்." ஊரடங்கு அமைதியானவர்களுக்குத் தோதானது என்று அப்போது பலரும் பேசினார்கள்.

அது பாதி உண்மை. தனியாக இருக்கப் பிடிப்பது ஒன்று, யாருமே இல்லாமல் போவது இன்னொன்று. தம்பி போன்றவர்கள் தாமாக யாருக்கும் போன் போட மாட்டார்கள். அவர்களுக்கு மனிதத் தொடர்பு என்பது தானாக வந்து அமைவது: டீக்கடைக்காரர் கேட்காமலே நீட்டும் சர்க்கரை கம்மி டீ, ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லும் "சாப்டாச்சா", அறைத்தோழன் போடும் மிக்ஸி சத்தம். அண்ணனுக்குப் பார் மூடினால் அவர் தேடிப் பிடித்து இன்னொரு கூட்டத்தில் போய் நிற்பார். தம்பிக்கு இந்தச் சின்னச் சின்னத் தொடர்புகள் ஒரே நாளில் அறுந்தபோது, அவற்றுக்குப் பதிலாக வேறொன்றைத் தேடிப்போகும் பழக்கமே அவனிடம் இல்லை.

சென்னையில் மதுக்கடைகள் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. அதுவரை அவன் குடித்ததும் இல்லை; ஆபீஸ் பார்ட்டியில் ஒரு பியர் என்பதோடு சரி. கம்பெனியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு, தூக்கம் வராத இரவுகள், இரவு எட்டரைக்கு அமெரிக்க கிளையன்ட்டோடு தினமும் ஒரு கான்ஃபரன்ஸ் கால். அந்தக் கால்தான் முக்கியம். ஆபீஸில் இருந்தவரை டீம் லீட் பேசுவார், இவன் பின்னால் உட்கார்ந்திருப்பான். வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே சொல்ல வேண்டும். எட்டு மணியிலிருந்தே உள்ளங்கை வியர்த்து, குரல் நடுங்கும் என்று பின்னால் சொன்னான். கடை திறந்த பிறகு ஒருநாள் காலுக்கு முன்னால் கொஞ்சம் குடித்துப் பார்த்திருக்கிறான். "வேலைக்குச் சேந்ததுலருந்து அன்னைக்குத்தான்க்கா என் குரல் நடுங்கல" என்றான்.

இந்த ஒரு வாக்கியம் எனக்கு எல்லாவற்றையும் புரிய வைத்தது. வாழ்நாள் முழுக்க முடியாத ஒன்றை ஒரு கட்டிங் செய்து கொடுத்துவிட்டால், அதை விடு என்று சொல்வதில் என்ன பயன்? அதற்குப் பதில் என்ன என்றும் சொல்ல வேண்டுமே.

தூரத்தில் இருப்பவர்களுக்காக, நான் கவனித்த அறிகுறிகளைச் சொல்கிறேன். இரவில் அவன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பையன் மனம்விட்டுப் பேசுகிறான் என்று. காலையில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஒரே கதையை இரண்டு நாள் தொடர்ந்து, முதல் தடவை சொல்வது போலவே சொன்னான். வீடியோ கால் என்றால் நெட் சரியில்லை என்பான், ஆனால் ஆபீஸ் வேலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் நவம்பர் 14 தீபாவளிக்கு வரவில்லை. ஊர்விட்டு ஊர் போக வாங்க வேண்டியிருந்த இ-பாஸ் முறையை செப்டம்பர் 1-ஆம் தேதியே நீக்கியாயிற்று, பஸ், ரயில் எல்லாம் ஓடுகிறது. "டிக்கெட் கிடைக்கல" என்றான். நான் பலகாரம் எடுத்துக்கொண்டு அவனிடம் சொல்லாமல் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

வீடு சுத்தமாக இருந்தது. அவன் எப்போதுமே அப்படித்தான். ஆபீஸிலிருந்து அனுப்பிய மானிட்டரின் அட்டைப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெருக்குவதற்காக அதை இழுத்தேன், நகரவில்லை. திறந்தால் உள்ளே காலிப் பாட்டில்கள். ஒவ்வொன்றையும் கழுவி, லேபிளைக் கிழித்து, பேப்பரில் சுற்றி அடுக்கியிருந்தான். பாட்டிலோடு பாட்டில் இடித்துச் சத்தம் கேட்டால் கீழ்வீட்டு ஓனருக்குத் தெரிந்துவிடுமாம். அந்தப் பேப்பர் மடிப்புகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. எவ்வளவு வெட்கத்தை இவன் தனியாகச் சுமந்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

அன்று ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மூடி உள்ளே தள்ளிவிட்டு ரசம் வைத்தேன். மறுநாள் காலை, அவன் குடிக்காத நேரத்தில், டீ குடிக்கும்போது கேட்டேன்: "அது உனக்கு என்னடா பண்ணிக் குடுக்குது?" ஏன் குடிக்கிறாய் என்று கேட்டிருந்தால் குற்றம் சாட்டுவது போல இருந்திருக்கும், வாயே திறந்திருக்க மாட்டான். இந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கால் விஷயத்தைச் சொன்னான். குடித்திருக்கும்போது பேசாதீர்கள், பக்கத்தில் வேறு ஆள் வைத்துக்கொண்டு பேசாதீர்கள், அம்மா அழுவதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அமைதியானவர்களிடம் இந்த மூன்றும் கதவைச் சாத்திவிடும்.

மனநல மருத்துவரிடம் நேரில் போகவே மாட்டேன் என்றான். காத்திருக்கும் இடத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற பயம். நல்லவேளையாக, 2020 மார்ச் 25-ஆம் தேதியே மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருந்ததால், பல மருத்துவர்கள் போனிலும் வீடியோவிலும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் சில அமர்வுகளில் கேமராவை அணைத்தே வைத்திருந்தான். அந்த ஆலோசகர் அதற்கு ஒன்றுமே சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நான் நன்றி சொல்வேன். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் லேசாகப் பாதித்திருந்தது. குடியை நிறுத்தக் கொஞ்ச நாள் மாத்திரை. அதைவிட முக்கியமாகப் பதற்றத்துக்குத் தனியாக வைத்தியம்.

ஆலோசகர்தான் குணத்தைப் பற்றி விளக்கினார். கனடாவில் இருக்கும் பட்ரீசியா கான்ராட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் போதைப் பழக்கத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய நான்கு குணப்போக்குகளைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். புதுசு புதுசாகக் கிளர்ச்சி தேடுவது. யோசிக்கும் முன் செய்துவிடுவது. நெஞ்சு படபடத்தாலே ஏதோ ஆகப்போகிறது என்று அஞ்சுவது. இனி எதுவும் நல்லதாக நடக்காது என்று நம்பிக்கையற்றுப்போவது. இவற்றில் எதுவும் நோய் இல்லை. நம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் எது ஓங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்துக் குடி செய்யும் வேலை மாறுகிறது. இதை வைத்து லண்டன் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அவரவர் குணத்துக்கேற்ற சிறு பயிற்சி கொடுத்தபோது குடிப்பழக்கம் குறைந்ததாக அவர்களுடைய ஆய்வு சொல்கிறது.

எங்கள் வீட்டில் பொருத்திப் பார்த்தேன். அண்ணன் குஷிக்கும் கூட்டத்துக்கும் குடித்தவர். தம்பி பதற்றத்தை அடக்கக் குடித்தவன். மனைவியை இழந்த எங்கள் மாமா ஒருவர் மூன்றாவது ரகம். பகலிலேயே குடித்துவிட்டுப் படுத்துவிடுவார், அவருக்கு வேண்டியது முதலில் மன அழுத்தத்துக்கான சிகிச்சை. பொதுவாகவே, கொண்டாட்டத்துக்குக் குடிப்பவர்களைவிட மனப்பாரத்தைச் சமாளிக்கக் குடிப்பவர்கள்தான் சிக்கலில் ஆழமாக மாட்டுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. தனியாகக் குடிப்பதும் அந்த ரகத்தோடு சேர்ந்தே வருகிறது. கொள்ளைநோய்க் காலம் அந்த இரண்டையும் ஒரே அறையில் அடைத்துவைத்தது.

தம்பிக்குக் கொடுத்த வீட்டுப்பாடங்கள் எல்லாம் சின்னவை. கிளையன்ட் காலில் சொல்ல வேண்டியதை மூன்றே வரியில் எழுதிவைத்து, அதை எனக்குப் போனில் ஒருதடவை சொல்லிக் காட்டுவது. குரல் நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டு, கடைசிவரை பேசி முடிப்பது. தினமும் ஒரே டீக்கடைக்குப் போய், காசு கொடுக்கும்போது ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவது. வாங்கி வைத்துக் குடிக்கிறவன் ஆதலால், வீட்டில் பாட்டிலே இல்லாமல் பார்த்துக்கொள்வது. குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் தங்கள் கதையைச் சொல்லிக்கொள்ளும் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் அப்போது ஆன்லைனில் நடந்தன. அவன் கேமராவும் மைக்கும் அணைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பான். அது அவனுக்கு அவ்வளவு ஒத்துப்போனது. யாருடைய முகத்தையும் பார்க்காமல், தன்னைப் போலப் பத்துப் பேர் பேசுவதைக் கேட்பது.

அதே ஆன்லைன் கூட்டத்தை அண்ணனுக்குப் போட்டுக் காட்டியபோது ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை. "டிவி பாக்குற மாதிரி இருக்கு பாப்பா, இதுல என்ன இருக்கு?" என்று எழுந்துவிட்டார். அவருக்கு எதிரே ஆள் வேண்டும், டீ வேண்டும், தோளில் கை போட வேண்டும். நேரடிக் கூட்டங்கள் மறுபடி தொடங்கிய பிறகுதான் அவர் ஒட்டினார். இப்போது அங்கே நாற்காலி போடுவதும் புதிதாக வருபவரை வாசலில் போய் அழைத்து வருவதும் அவர்தான். தம்பியை அந்த ஹாலுக்கு முதல் நாளே இழுத்துப் போயிருந்தால் அவன் திரும்பி வந்திருக்கவே மாட்டான். ஒரு வழி பலிக்கவில்லை என்றால் ஆள் திருந்த மாட்டான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; வழியை மாற்றிப் பாருங்கள்.

நடுவில் சறுக்கலும் உண்டு. வெளி மாநிலத்தார் ஊர் திரும்பியதும் சமையல் கூடம் நின்றுபோனது. 2021 பொங்கலுக்கு வந்த கூட்டாளிகளோடு அண்ணன் மறுபடி உட்கார்ந்தார், அது தொடர்ந்தது. மதினி உடைந்துபோனார். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர், ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறது என்று சொன்னார். இதைப் படிக்கும் பெண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்: தெரியாமல் எதையும் கலக்காதீர்கள். குடித்தால் ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் என்ற மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதை மருத்துவர், நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெயர் தெரியாத பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது இன்னொரு பயம். போதாததற்கு, அது தெரியவரும் நாளில் அந்த வீட்டில் சாப்பாட்டின் மீதே நம்பிக்கை போய்விடும்.

அந்த மே மாதம் இரண்டாவது அலை. 10-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு, மதுக்கடைகளும் கிடையாது என்று 8-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. ஊரே கடை வாசலில் நின்றபோது, நாங்கள் அண்ணனை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். இன்ன அளவு குடிக்கிறார், போன வருடம் வலிப்பு வந்தது என்று சொன்னோம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் முதல் சில நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கொரோனா கூட்டத்துக்கு நடுவே இடம் கிடைத்தது பெரிய விஷயம். இந்த முறை நடுக்கம் மட்டும்தான். எறும்பும் இல்லை, வலிப்பும் இல்லை. ஜூன் 14-ஆம் தேதி எங்கள் மாவட்டத்தில் மதுக்கடை திறந்தபோது தம்பியும் ஊரில் இருந்தான். அவன் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஆனால் அண்ணன் கடைக்குப் போய் ஸ்டாக் எடுக்க உதவுகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான்.

இது கொரோனாவோடு முடிந்த விஷயம் இல்லை. தேர்தல் நேரத்தில் கடைகள் மூடும்போது இதே நிலை வரும். தினமும் குடிப்பவர் கால் முறிந்தோ, குடல்வால் ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரியில் படுத்தால், இரண்டாவது நாள் அவர் உளறத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து காரணமாக இருக்காது. அட்மிஷன் போடும்போதே குடிப்பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள். என்ன குடிப்பார், எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற மூன்றையும். மானம் போகும் என்று மறைத்துவிட்டால் அந்த டாக்டருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதேபோல், வீட்டில் மிச்சமிருக்கும் தூக்க மாத்திரையைக் குடித்திருக்கிறவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்குக் குடியால் உதவி தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். எங்கே போவது என்றே பலருக்குத் தெரிவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து இதற்கென்றே இயங்குகிறது. வலிப்போ, ஆள் குழம்பிப்போவதோ இருந்தால் யோசிக்காமல் 108. ஆலோசனைக்குத் தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய உதவி எண் 14446. குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. அவரால் முடியாவிட்டால் வீட்டில் இருப்பவர் கூப்பிட்டு, அவருடைய குணத்தையும் சேர்த்துச் சொல்லி, இப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று கேட்கலாம். நான் அப்படிக் கேட்டுத்தான் தொடங்கினேன்.